ஒரே லொறியில் வந்த விதைக்கிழங்கு

ஜெயந்தினி அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்த நாளிலிருந்தே சண்முகவடிவின் நெஞ்சில் ஒரு முள். மூத்த மருமகளான வடிவு உழைப்புக்கு அஞ்சாதவள். ஆனால் ஆஸ்பத்திரியில் சிங்களம் பேச ஆள் வேண்டுமென்றால் தோட்டத்து லயக் குடியிருப்பே சின்னவளைத்தான் தேடியது. மாமியார் சின்னவள் வைத்த ரசத்தைப் புகழ்ந்தால் வடிவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கந்தப்பளைக்கு மேலே, லயத்தையொட்டி, இருவரும் ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். நாகலிங்கம் என்ற வியாபாரி கடனுக்கு உருளை விதைக்கிழங்கு இறக்கினார். ஈடாக, அறுவடைக்குப் பிந்திய திகதி போட்டு ஆளுக்கொரு செக் வாங்கிக்கொண்டார். மூட்டையைப் பிரித்தால் பாதிக் கிழங்கு உள்ளே கறுத்து நாறியது.

ஜெயந்தினி ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க விவசாயப் போதனாசிரியரிடம் புறப்பட்டாள்.

"அக்கா, நீங்களும் வாங்க. உங்களுதையும் காட்டிருவோம்."

"எனக்குக் கிழங்கு பாக்கத் தெரியும். ஆபீஸ்காரங்களுக்கு நீ போய் படம் காட்டு."

அவளுக்குப் பின்னால் போனதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. வடிவு அழுகலைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை அப்படியே நட்டாள். போதனாசிரியரோ ஜெயந்தினியின் மூட்டையைச் சோதித்து, நோய் பிடித்த விதை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அவள் அதை நடவில்லை.

இரண்டு நிலத்திலும் விளைச்சல் இல்லை. வங்கியில் பணமில்லாமல் இரண்டு செக்கும் திரும்பின. நாகலிங்கம் வழக்குப் போட்டார். இருவருக்கும் அழைப்பாணை வந்தது.

வடிவு வேண்டுமென்றே ஜெயந்தினியின் சட்டத்தரணியிடம் போகவில்லை. நுவரெலியாவில் வேறொரு பெண் சட்டத்தரணியைப் பிடித்தாள். அந்த அம்மா அழைப்பாணையை வாசித்துவிட்டுச் சொன்னார்:

"இது சாதாரண வழக்கு மாதிரி இல்ல. செக்குல உங்க கையெழுத்து இருக்கு. எதிர்த்து வாதாடணும்னா முதல்ல கோர்ட்டுல அனுமதி கேக்கணும். கேக்குறதுக்கு நியாயமான காரணத்தைச் சத்தியம் பண்ணி எழுதுற சத்தியக் கடதாசியில சொல்லணும். இல்லாட்டி விசாரணையே இல்லாம காசக் கட்டுன்னு தீர்ப்பு வந்துரும். கிழங்கு அழுகல்னு சொல்றீங்களே, யார் பாத்தாங்க?"

"ஜெயந்தினியோட மூட்டையப் போதனாசிரியர் பாத்து எழுதிக் குடுத்தாரு." கசாயம் குடித்தவள்போல வடிவின் முகம் சுருங்கியது.

"அப்ப அவங்க ஒரு சத்தியக் கடதாசி தரட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே லொறியிலதான் மூட்டை வந்துச்சுன்னு."

அதை ஜெயந்தினியிடம் கேட்பதற்குள் வடிவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், குடம் நிரம்பி வழியும் வரை நின்றுவிட்டு, ஒருவழியாக வாயைத் திறந்தாள்.

"கோர்ட்டுக்கு உன் கையெழுத்து ஒண்ணு வேணுமாம்."

"தெரியும்க்கா. என் லோயர்கிட்ட சொல்லி எழுதி வச்சிட்டேன். நீங்க கேப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

முடியாது என்று சொல்லியிருந்தால்கூட வடிவு தாங்கியிருப்பாள். இந்த நல்லதனம்தான் அவளைச் சுட்டது. 'பாத்துக்கிட்டு இருந்தாளாமே! நான் வந்து நிக்கணும்னு!'

நீதிமன்றத்தில் முதலில் ஜெயந்தினியை அழைத்தார்கள். போதனாசிரியரின் அறிக்கையை நீதிபதி பார்த்தார். எந்த நிபந்தனையுமில்லாமல் அனுமதி கொடுத்தார். அடுத்து வடிவு. நாகலிங்கத்தின் சட்டத்தரணி எழுந்து, "அழுகல் என்று தெரிந்தும் நட்டிருக்கிறார், செக் திரும்பும் வரை ஒரு வார்த்தை முறையிடவில்லை" என்றார். நீதிபதி ஜெயந்தினியின் சத்தியக் கடதாசியையும் வாசித்தார். வடிவும் வாதாடலாம், ஆனால் நாகலிங்கம் கேட்ட தொகையில் பாதியைப் பிணையாக நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

வெளியே வந்ததும் வடிவு கணவன் முத்துலிங்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே லொறி, ஒரே கிழங்கு. அவளுக்குச் சும்மா, எனக்கு மட்டும் காசா?"

"அனுமதி கெடச்சிருச்சுல்ல, அதப் பாரு. அந்தப் புள்ள கடதாசி இல்லன்னா அதுவும் இல்ல."

"அதத்தான் சொல்றேன்!" என்றாள் வடிவு. கண்ணில் நீர் முட்டியது.

ஜெயந்தினி பக்கத்தில் வந்தாள். "பிணைக் காசுக்கு என் வளையல வைக்கலாம்க்கா."

"என் கழுத்துல சங்கிலி இருக்கு. உன் வளையல் உன் கையிலயே இருக்கட்டும்."

அன்றைக்கே நகரில் சங்கிலியை அடகு வைத்தாள். குறித்த நாளுக்குள் பணத்தைக் கட்டினாள். அவள் தரப்பு வாதமான மறுமொழியும் வழக்கில் ஏறியது. நாகலிங்கம் இப்போது தன் விதை நல்லது என்று நிரூபிக்க வேண்டும்.

இரண்டு வழக்கும் ஒரே நாளில் தவணை போடப்படுகின்றன. இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஜெயந்தினி வழிநெடுகப் பேசுவாள். வடிவு ஊம் கொட்டுவாள். ஆனால் பஸ்ஸில் யார் முதலில் ஏறினாலும் சரி, ஜன்னலோரத்தை வடிவு இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை.