வேணுகாவின் ஆறாம் தரம்

வேணுகா சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் ஒரு ஜப்பானியக் கம்பனியில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கு மெல்லிய குழாய்கள் செய்யும் இடம் அது. குழாயில் பிழை பார்ப்பது அவள் வேலை, பெட்டியில் அடைப்பது என் வேலை. பதினொரு வருடமாக மதியச் சாப்பாடு ஒரே மேசையில். ஆகவே அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் சண்டைக்கு வரட்டும்.

எங்கள் கம்பனியில் சம்பளத்தைத் தீர்மானிப்பது தரம். ஒரே தரத்தில் ஒரே அளவு வருடம் இருந்தவர்களுக்கு, ஓடி ஓடி வேலை செய்தாலும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றாலும், கிட்டத்தட்ட ஒரே சம்பளம்தான். வருடா வருடம் கொஞ்சம் ஏறும். உண்மையாக ஏற வேண்டுமென்றால் தரம் மாற வேண்டும். அதை நாமாகப் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் அவசரக்காரர் என்று பெயர் வந்துவிடும். முகாமையாளர் நம் பெயரைச் சொல்ல வேண்டும், ஜப்பானில் நகோயா தலைமையகத்தில் இருக்கும் குழு தலையாட்ட வேண்டும், ஏப்ரல் முதலாம் திகதி கடிதம் வர வேண்டும். சுவிஸ்காரர் பலர் பொறுமை கெட்டு வேறு இடம் போய்விட்டார்கள். வேணுகா ஒன்பது வருடம் ஐந்தாம் தரத்தில் இருந்தாள். ஆறாம் தரம் என்றால் பிரிவுத் தலைவி. பதவி இல்லாமலே அந்த வேலையைச் செய்துகொண்டும் இருந்தாள். பார்க்க எனக்குத்தான் எரிச்சல் வரும்.

“அஞ்சாம் வகுப்பிலை இன்னும் எத்தினை வருஷம் இருக்கப்போறீர்?” என்று அவள் கணவன் நிருசன் பகிடி பண்ணுவான். அதற்கு மட்டும் அவள் முகம் சுருங்கும்.

போன வருடம் ஜனவரியில் முகாமையாளர் மொரிதா அவளைக் கதைக்கக் கூப்பிட்டார். ஆளணிப் பிரிவில் இருக்கும் சுவிஸ் பெண் குறிப்பெடுத்தாள். மொரிதா மெல்ல மெல்ல ஜெர்மன் மொழியில் அரை மணி நேரம் விளக்கினார். ஆறாம் தரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு வருடம் நகோயாவில் வேலை பழகுவது வழக்கம், குடும்பம் இங்கேயே இருக்கலாம் என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் வேணுகா “யா, யா” என்றாள். தொலைபேசியில் நாம் “ஓம், ஓம்” என்போமே, அதுதான். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ என்று அர்த்தம். மேலதிகாரியின் முகத்துக்கு நேரே ஏலாது என்று சொல்ல எங்களில் யாருக்கு வரும்? எப்படியும் பிறகு முடிவைக் கேட்பார்கள் என்று அவள் நினைத்தாள். குறிப்பெடுத்தவளோ, சம்மதம் என்று எழுதிவிட்டாள்.

ஏப்ரல் முதலாம் திகதி எல்லோரையும் எழும்பி நிற்க வைத்து மொரிதா கடிதத்தை வாசித்தார். ஆறாம் தரம், பிரிவுத் தலைவி. நான் கை வலிக்கத் தட்டினேன். அடுத்த வரி, ஜூலையிலிருந்து நகோயா.

அன்று வேணுகா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. “டயனாக்கா, நான் வாறனெண்டு சொல்லவேயில்லை. சும்மா ஓம் ஓமெண்டு கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்.”

மூத்த மகளுக்குப் பதினொரு வயது, இளையவளுக்கு ஏழு. நிருசன் பேக்கரியில் வேலை செய்கிறவன், விடியும் முன்பே போய்விடுவான். இருந்தும், “உமக்கு இது எவ்வளவு ஆசையெண்டு எனக்குத் தெரியும். போயிட்டு வாரும், சமாளிப்பம்” என்றானாம். அவன் மறித்திருந்தால்கூட அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். மூத்தவள் ஜப்பானில் இப்போது எத்தனை மணி என்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வேணுகா கடிதத்தோடு மொரிதாவிடம் போனாள். எங்கள் ஓமின் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். ஓம் என்பதற்கு ஜப்பான்காரர் சொல்லும் “ஹாய்” என்பதும் அப்படித்தானாம். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவரும் அன்று நினைத்தாராம். குறிப்பில் சம்மதம் என்று பார்த்ததும், பிறகு முடிவெடுத்துச் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி, “திருப்பித் தரலாம். ஆனால் உங்கள் பெயரை இனி என்னால் சொல்ல முடியாது” என்றார்.

வேணுகா கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் சொன்னபடியேதான் நடந்தது. இந்த ஏப்ரலில் ஆறாம் தரம் வேறொருவருக்குப் போனது. அவருக்கு வேலை பழக்குவது வேணுகா. அதை நினைத்து அவள் என் தோளில் அழுதிருக்கிறாள், நான் கம்பனியை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

ஆனால் கடிதத்தை வாங்கிய பிறகு மொரிதா சொன்ன ஒன்றை அவள் வெகுநாள் எனக்குச் சொல்லவில்லை. போன கிழமைதான் சொன்னாள்.

“‘எட்டு வருஷத்துக்கு முந்தி இஞ்ச வரச்சொல்லி எனக்கும் இப்பிடி ஒரு கடிதம் வந்தது. அப்ப என்ர மகளுக்கு ஏழு வயசு. திருப்பிக் குடுக்கலாமெண்டு எனக்குத் தோன்றவேயில்லை. இப்ப நான் ஃபோன் எடுத்தால் அவள் தாயிட்டைக் குடுத்துவிடுறாள்’ எண்டு சொன்னவர், அக்கா.”