பாய்லர் லோடு

ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை இருக்கிறது. அதன் காற்று அனுமதியைப் புதுப்பிக்க, புகைபோக்கியில் வரும் நுண்தூசியை அளந்து அறிக்கை தர வேண்டும். வேலூரில் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்கு அந்த வேலை வந்தது. வீடு பக்கம்தானே என்று என்னையே அனுப்பினார்கள்.

இரும்பு ஏணியில் ஏறி, புகைபோக்கியின் பாதி உயரத்தில் நின்று தூசியை உறிஞ்சும் குழாயைச் செருகினேன். அங்கிருந்து எங்கள் மொட்டைமாடி தெரிந்தது. அம்மா துணி காயப்போட வந்திருந்தாள். முதலில் கொடியை ஈரத்துணியால் துடைத்தாள். தினமும் செய்வதுதான்.

இறங்கியதும் பாய்லர்காரரிடம் கேட்டேன். "டெய்லி இவ்ளோ விறகுதான் போடுவீங்களாண்ணா?"

"இன்னைக்குக் கம்மிம்மா. நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க. மத்த நாள்ல டபுளா போவும்."

படிவத்தில் 'பாய்லர் லோடு' என்று ஒரு கட்டம் உண்டு; அளக்கும்போது பாய்லர் எந்த அளவுக்கு எரிந்தது என்று அதில் எழுத வேண்டும். தொழிற்சாலை மேலாளர் பக்கத்தில் வந்து, "ஃபுல்லுன்னு போட்டுடும்மா, எப்பவும் அப்டித்தான்" என்றார். அதட்டவில்லை. டீ சாப்பிடுகிறாயா என்றும் கேட்டார். ஃபுல் என்று எழுதினேன்.

மறுநாள் தூசி படிந்த ஃபில்டர் தாளை உலர்த்தி எடை போட்டேன். இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தேன். வரம்புக்குள்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். "பின்னாடி கம்பெனிக்குப் போனியே, இன்னா வந்துச்சு?"

"லிமிட்டுக்குள்ளதாம்மா இருக்குது."

"அப்ப கொடியில தெனம் தொடைக்கறனே, அது இன்னா?"

நான் தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. படித்த பெண் தெரியாமலா சொல்வாள் என்று நினைத்திருப்பாள். சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

அனுமதி கிடைத்துவிட்டது. சில மாதம் கழித்து, ஒரு காலையில் தெருக்காரர்கள் கம்பெனிப் புகை பற்றிய புகார் மனுவோடு கையெழுத்துக்கு வந்தார்கள். வாசலில் அம்மா சொல்வது கேட்டது.

"எங்க பொண்ணே மேல ஏறி அளந்துட்டு வந்தா. ஒண்ணும் ஜாஸ்தி இல்லியாம்."

யாரோ ஒருவர், "அப்டியா? அப்ப நம்மதான் தப்பா நெனச்சுட்டமா?" என்றார்.

நான் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பின்னலை முடித்து, பையை எடுத்துக்கொண்டு, அவர்களைத் தாண்டித்தான் போனேன். அந்த மனு கொடுக்கப்படவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.