பாலாற்றில் ஒரு கொடி அதிகம்

காணும் பொங்கலுக்கு முந்தைய நாள் காலை ஆறரை மணிக்குச் சென்னையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு ரூபாய் எழுபது காசு. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் தோழி ரோசம்மாள் எழுதியிருந்தாள்: "ஆத்துக்கு வர்ற ஜனங்களப் பாத்துக்க ஆள் வேணும். டெலிபோன் ஆபீஸுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வா."

பிற்பகல் மூன்று மணிக்கு, நானும் ரோசம்மாளும் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரத்தில் இறங்கினோம். அக்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடம். மறுநாள் கட்டுச்சோற்றோடு ஊரே மணலில் இறங்கும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் மறைந்து கிடந்தன. தறிக்கு விடுமுறை விட்டு எங்களோடு வந்த நெசவாளர் ஏகாம்பரம் மூங்கிலால் ஆழம் பார்த்துக்கொண்டே போனார். பள்ளம் கண்ட இடமெல்லாம் சிவப்புக் காடாத்துணிக் கொடி நட்டோம். இருட்டுவதற்குள் பத்துக் கொடிகள்.

மறுநாள் காலை ஆறு மணி. ஆற்றின்மேல் பனி படுத்திருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கொடிகளைச் சரிபார்த்துக்கொண்டே போன ஏகாம்பரம் நின்றுவிட்டார்.

"பத்துதானம்மா நட்டோம்? இங்க பதினொண்ணு இருக்குது."

சவுக்குக் கொம்பில் கட்டிய சிவப்புத் துணி, முழங்கால் தண்ணீரில் நின்றது. காடாத்துணி அல்ல, சின்னப் பெண்ணின் பாவாடை. கரை மணலில் ஒரே வரிசையாகக் காலடிகள் தண்ணீரை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

கொடிக்கு அப்பால் மூங்கிலை இறக்கினார். முழு மூங்கிலும் போயிற்று, தரை தட்டவில்லை.

"நேத்து இங்கதான் நின்னுக்கினு வெத்தல போட்டேன்" என்றார். "அடியில பழைய குழி எதனா சரிஞ்சிருக்கும்பா" என்றாள் ரோசம்மாள். சொல்லிவிட்டு அவளும் காலடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கயிற்றோடு அலைந்து தேடினார்கள். யாரும் அகப்படவில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. இலைகளையும் பாட்டில்களையும் ஆற்றில் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே சாக்குப்பையோடு நடந்தேன். பதினொரு மணிக்கு ஒருவர் நான்கு பிள்ளைகளோடு அந்தப் பாவாடைக் கொடிப் பக்கமே இறங்கினார்.

"கொடி நட்டா ஆறு உங்களுதா? இங்க முட்டிக்கால் தண்ணிதான். வருசா வருசம் குளிக்கிறோம்."

ரோசம்மாள் வாதாடவில்லை. மூங்கிலை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே பாருங்கண்ணா."

அவர் இறக்கினார். கை தோள்வரை தண்ணீருக்குள் போனது. மெல்ல வெளியே எடுத்து, பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பினார். பிறகு மாலைவரை அங்கேயே நின்று வருகிறவர்களை எல்லாம் விரட்டினார். அன்று ஆறு யாரையும் பலிகொள்ளவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மணல் காலியானது. திருமுக்கூடல் பக்கமிருந்து ஓர் அம்மாள் ஆற்றைக் கடந்து வந்து அந்தக் கொடியருகே நின்றாள். நாற்பது வயதிருக்கும். பாவாடையின் நுனியைத் தொட்டாள்.

"அக்கா, இது நீங்க கட்டினதா?" என்றாள் ரோசம்மாள்.

"ஆமாம்மா. எம் பொண்ணுது. போன வருசம் இதே நாள்ல இந்த ஆத்துலதான் போனா. துணிய மடியிலயே வெச்சிருப்பேன். இருட்டோட இந்தக் கரையிலேர்ந்து இறங்கினேன். காலு வெச்சதும் மண்ணு சரிஞ்சுது. கொம்பு ஒண்ணு மிதந்துக்கினு வந்துது, அதுல கட்டி நட்டேன். திரும்ப அந்த வழி போக பயம். தண்ணியிலயே மேலாக்க நடந்து அக்கரை ஏறிட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. காலடிகளுக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது.

"இருட்டுல தனியா எதுக்குக்கா வந்தீங்க?" என்று கேட்டேன்.

என்னை வியப்போடு பார்த்தாள்.

"அவ கூப்பிட்டாளேம்மா."

எங்கள் கொடிகளைப் பிடுங்காமல் அவளிடமே ஒப்படைத்தோம். "நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மறுநாள் சைதாப்பேட்டையில், தினமும் பஸ்ஸில் கடக்கும் அடையாற்றுப் பாலத்தருகே இறங்கிக் கீழே போனேன். கல்லூரி மாணவர்கள் சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆழம் எங்கே என்று கேட்டேன்.

"தெரியாது மேடம்" என்று சிரித்துவிட்டு, ஒருவன் மூழ்கினான். அவன் தலை மறுபடி தெரியும்வரை நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.