முப்பதாவது மைதானம்

நகரப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பதே அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில் நார்பர்ட் கெர்டிங்கின் உத்தியோகம். அதிலேயே ஊறிப்போனவருக்கு விடுமுறையையும் வேறு விதமாகக் கழிக்கத் தெரியவில்லை. பனி விழத் தொடங்கியதும் அடுத்த கோடையின் பேஸ்பால் அட்டவணையைச் சமையலறை மேசையில் விரிப்பார். பக்கத்தில் சாலை வரைபடம், அளவுகோல், அழிப்பான். எதிரே அமர்ந்து வேர்க்கடலை உரிப்பவர் அவருடைய அக்காள் ரோசலி. பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர். கணவர் இறந்தபின் தம்பியின் தெருவிலேயே குடிவந்தவர்.

பெரிய அணிகள் ஆடும் முப்பது மைதானங்களையும் இருவருமாகப் பார்த்துவிடுவது என்று 1999இல் முடிவாயிற்று. விதிகள் நார்பர்ட்டுடையவை. முதல் பந்திலிருந்து கடைசி ஆட்டக்காரர் அவுட் ஆகும்வரை இருக்கையை விட்டு எழக் கூடாது. நடப்பது ஒவ்வொன்றும் ஸ்கோர் புத்தகத்தின் கட்டங்களில் பென்சிலால் ஏற வேண்டும். கட்டம் விடுபட்டால் அந்த மைதானம் கணக்கில் சேராது. ஓர் அணி புதிய மைதானத்துக்கு மாறிவிட்டால் பழையதற்கு இட்ட குறியை அழித்துவிட்டு, மறுபடியும் போக வேண்டும்.

ரோசலி கேட்டது ஒன்றே ஒன்றுதான். சான் பிரான்சிஸ்கோ மைதானத்தின் வலப்பக்கச் சுவரை ஒட்டி வளைகுடாத் தண்ணீர். ஓங்கி அடித்த பந்து சுவரைத் தாண்டினால் அதில் போய் விழும். பிடிப்பதற்குச் சிறு படகுகளில் வலையோடு ஆட்கள் காத்திருப்பார்கள். தொலைக்காட்சியில் அதைக் கண்ட நாள்முதல் அவருக்கு வேறு மைதானம் கண்ணில் படவில்லை.

"டேய், இந்த வருஷம் அங்க போலாம்டா. பந்தப் பிடிக்கிறேன்னு எவனாவது படகோட கவுந்து விழுவான், அத நேர்ல பாக்கணும்."

"அது முப்பதாவது, அக்கா. நல்லதக் கடைசிக்கு வச்சுக்கணும்."

"சின்ன வயசுலயும் நீ இப்படித்தான். கறிய மட்டும் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சே, நாய் தூக்கிட்டுப் போச்சு."

"அது வேற."

"நாய்க்கு ஒண்ணும் வேற இல்லடா!"

2016 கோடையில் இருபத்தொன்பது முடிந்திருந்தன. பயணச்சீட்டு வாங்கும் வேளையில் அட்லாண்டா அணி புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. குறியை அழித்தார், மறு ஆண்டு அட்லாண்டாவுக்குப் போனார்கள். அதற்குள் டெக்சாஸ் அணியும் 2020இல் மாறப் போவதாகத் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு முதலில் போய்விட்டால் டெக்சாஸ் அல்லவா கடைசியாகிவிடும்? பொறுத்திருப்போம் என்றார் நார்பர்ட். அக்காள் கடலைத் தோலை ஊதித் தள்ளினார்.

2019 வசந்தத்தில் ஒரு காலை, ரோசலி காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். பார்வையின் நடுப்பகுதி மங்கி வருகிறது, போனது திரும்பாது என்றார் மருத்துவர். அன்று மாலை நார்பர்ட் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டு மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ போக வசதியான நாட்கள் இருந்தன. வரிசையை மாற்ற அழிப்பானைக் கையில் எடுக்கவும் செய்தார். இன்னும் ஒரே ஓர் ஆண்டுதானே என்று தோன்றியது, திரும்ப வைத்துவிட்டார். அடுத்த ஆண்டுக் கோடையில் நோய்த்தொற்றினால் பார்வையாளர் எவரையும் மைதானங்களுக்குள் விடவில்லை. டெக்சாஸுக்குப் போனது 2021இல். அக்காளின் கையைப் பிடித்துப் படியேற்ற வேண்டியிருந்தது.

ஆக, வளைகுடாக் கரைக்கு அவர்கள் வந்து சேர்ந்தது 2022 ஜூலையில். வலப்பக்கச் சுவரின்மேலேயே இருக்கை. பின்னால் படகுகள்.

"எத்தன படகுடா?"

"பதினொண்ணு. ஒருத்தன் நாயக் கூட்டிட்டு வந்திருக்கான்."

"கறியப் பத்திரமா வச்சுக்கச் சொல்லு."

நார்பர்ட் சிரித்தார். தண்ணீர்ப் பக்கம் ஒரு பந்தாவது போக வேண்டும், போனால் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்பதே அன்று அவருடைய ஒரே வேண்டுதல்.

ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவது நடக்கும்போது ஒரே மூச்சில் மூன்று ஆட்டக்காரர்களை மாற்றினார்கள். பெயர்களை எழுதும்போது ஒன்றைத் தவறான கட்டத்தில் போட்டுவிட்டார். அதை அழித்துக்கொண்டிருந்தார். மட்டையின் சத்தம் கேட்டது. இந்த ஓர் எழுத்தை முடித்துவிடலாம் என்று பென்சிலை அழுத்தினார். நிமிர்ந்தபோது கூட்டம் முழுவதும் எழுந்து, சுவர்மேல் கவிந்து, கீழே எட்டிப் பார்த்து ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்தவை முதுகுகள் மட்டுமே.

ரோசலி அவருடைய சட்டைக் கையைப் பற்றி இழுத்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"தலைக்கு மேலதான்டா போச்சு! சர்ருன்னு காதுல கேட்டுச்சு. தண்ணியில விழுந்துச்சா? யார் பிடிச்சான்? எவனாவது கவுந்தானா? சொல்லுடா!"

பதினொரு படகுகளும் அவர் மனத்தில் இருந்தன. ஒருவனைக் கவிழ்த்திருக்கலாம், நாயையும் தண்ணீரில் குதிக்கவைத்திருக்கலாம். இருபத்து மூன்று ஆண்டுகளில் காணாத எதையும் அவர் எழுதியதில்லை.

"நான் பாக்கலக்கா."

"என்ன?"

"எழுதிக்கிட்டு இருந்தேன்."

ரோசலியின் கை சட்டையிலிருந்து நழுவியது. சுற்றிலும் கூட்டம் உட்கார்ந்து முடித்தது.

"எனக்குத்தான் கண்ணு போச்சு. உனக்கு என்னடா கேடு?" என்றார் பிறகு. கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் தழைந்துவிட்டது.

நார்பர்ட் புத்தகத்தை மூடி இருக்கைக்கு அடியில் வைத்தார். மீதி மூன்று இன்னிங்ஸையும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தார்: எவன் ஓடினான், எவன் மண்ணில் சறுக்கினான், எவன் தொப்பியைத் தவறவிட்டான் என்று. அக்காள் "உம்" கொட்டினார். வேறு எந்தப் பந்தும் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை.

எத்தனை மைதானம் முடித்தீர்கள் என்று அலுவலகத்தில் இன்றும் கேட்கிறார்கள். இருபத்தொன்பது என்கிறார் நார்பர்ட். மிச்சத்துக்கு எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்டால், வரைபடத்தை மடித்து வைத்துவிட்டதாகச் சொல்கிறார்.