அவருக்காக வெட்டாமல் வைத்த புல்

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். ஆவடியில் வீடு கட்டியதும் முன்புறம் அவரே புல் பதித்தார். மூலையில் தென்னங்கன்று வைக்க ஒரு குழியும் வெட்டினார். அதற்குள் வடக்கே போக உத்தரவு வந்துவிட்டது. "புல்லை வெட்டாதே. புரட்டாசியில் லீவில் வந்து நானே வெட்டுகிறேன்" என்று எழுதினார்.

லீவு கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. வெட்டலாமா என்று தினமும் யோசிப்பேன். வெட்டிவிட்டால் அவர் வருவது இன்னும் தள்ளிப்போகும் என்பதுபோல் மனம் தடுக்கும்.

ஒருநாள் மழை விட்டதும் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியிலிருந்து கீரைக்கார முனியம்மா கத்தினாள்.

"இன்னாமா, புல்ல இப்டி காடாட்டம் வுட்டுகீறே! கொயந்த உள்ள போவுது பாரு!"

பத்து மாத மகள் புல்லுக்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன். ஒரு முழம் தள்ளி, சாய்ந்த புல்லுக்கு அடியில், குழி நிறையத் தண்ணீர்.

"அவர் வந்து வெட்டுறேன்னாரு" என்று அழுதேன்.

"வர்றவரு மொதல்ல கொயந்தய கேப்பாரா, புல்ல கேப்பாரா? அரிவா கீதா, குடு" என்றாள்.

அன்றே குழியை மூடினோம். இப்போதெல்லாம் மழைக்கு முன்பே, புரட்டாசியில், விரல் உயரம் விட்டு வெட்டிவிடுகிறேன். தண்ணீர் தேங்குவதில்லை, புல்லும் பச்சையாக இருக்கிறது. வெட்டியதில் ஒரு சிட்டிகை அவருக்கு எழுதும் கடிதத்துக்குள் வைக்கிறேன். இந்த வருடம் மகளே பொறுக்கித் தந்தாள். அதன் வாசனை அவரிடம் போய்ச் சேரும்வரை இருக்குமா, தெரியவில்லை.