காக்கி நிஜாரும் பஞ்சகச்சமும்

என் காக்கி அரை நிஜாரை என் மனைவி ஒருநாளும் வெயிலில் உலர்த்தியதில்லை. துவைத்துப் பிழிந்ததும் கொல்லைக் கொடியில் போடாமல், உள்ளே கூடத்துக் கொடியில் தன் புடவைக்கு அடியில் மறைத்துப் போடுவாள். மழைக்காலத்தில் அது உலரவே உலராது. அந்த ஈர நாற்றத்தோடு அதைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, தலைப்பாகை என்று பெரிய மனிதனாக மயிலாப்பூர்த் தெருவில் இறங்கி நடப்பேன். கல்லூரி மைதானத்து மூலையில் உருளைக்கல்லும் தடை ஓட்டத்துக்கான மரச்சட்டங்களும் போட்டுவைக்கும் தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, வேஷ்டியை அவிழ்த்து நிஜாரை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு வெளியே வருவேன். வேலை முடிந்ததும் மறுபடி கொட்டகை, மறுபடி பஞ்சகச்சம். வருஷக்கணக்கில் இப்படியே பிழைப்பு ஓடியது.

இப்படிச் செய்யும்படி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. வெட்கம் முழுக்க என்னுடையது.

நான் பி.ஏ.யில் தோற்றவன். ஆனால் ஒரு மைல் ஓட்டத்தில் என்னைத் தோற்கடிக்க அப்போது எங்கள் கல்லூரியில் ஆள் கிடையாது. அதைப் பார்த்திருந்த துரை, அதாவது எங்கள் பிரின்சிபால், என்னைத் தேகப்பயிற்சிப் படிப்புக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் அதே கல்லூரியில் ஓட்டக்காரர்களைப் பழக்கும் வேலையைக் கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அப்படி ஒரு வேலை இருப்பதே பட்டணத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஓடறதுக்குச் சம்பளமா? யாரைத் துரத்தணுமாம்?" என்று என் தகப்பனார் கேட்டார். ஆசிரியர்கள் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. நான் போய் உட்கார்ந்தால் அதுவரை ஷேக்ஸ்பியரைப் பற்றி நடந்த பேச்சு சட்டென்று வெயிலைப் பற்றித் திரும்பும். டிரில் வாத்தியாருக்குப் புரிகிற மாதிரி பேசுகிறார்களாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன்.

வேலை மட்டும் எனக்கு உயிர். அதையும் சொல்லிவிடவேண்டும். விடியற்காலையில் பையன்களை அடையாற்று முகத்துவாரத்துக்கு அழைத்துப்போய் ஈரமணலில் வெறுங்காலோடு ஓடவிடுவேன். நானும் கூட ஓடுவேன். மூச்சை எங்கே அடக்குவது, எங்கே விடுவது, முன்னால் போகிறவனை எப்போது தாண்டுவது என்று கத்திக்கொண்டே ஓடும்போது நான் யார் வீட்டுப் பிள்ளை, யார் வீட்டு மாப்பிள்ளை என்பதெல்லாம் நினைவிலேயே இருக்காது. வெயில் ஏறி, மீன்காரிகள் கூடையோடு எதிரே வந்து முந்தானையை வாயில் வைத்துச் சிரிக்கும்போதுதான் என் முழங்கால் எனக்கே கண்ணில் படும்.

முப்பதுகளில் என் பெண்ணுக்குப் பதினாறு வயதாகிவிட்டது. மயிலாப்பூர்க் கணக்கில் அதுவே தாமதம். மந்தைவெளியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பாங்கியில் குமாஸ்தா. தகப்பனார் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர். பெண் பார்க்க வந்த அன்று என் மைத்துனன் முந்திக்கொண்டு, "அத்திம்பேர் காலேஜ்ல புரொபசர்" என்று எடுத்துவிட்டான். வந்தவர் என் பக்கம் திரும்பி, "என்ன பாடம் எடுக்கறேள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"சரித்திரம்" என்றேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மைத்துனன் மேல் பழி போடலாம்தான். ஆனால் அவன் சொன்னது பாதிப் பொய். மீதியைச் சொன்னது நான். அன்று என் பெண் கதவோரம் நின்று அந்தப் பையனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் போன பிறகு சமையலறையில் அவள் பாடிக்கொண்டே வேலை செய்தது என் காதில் விழுந்தது. பிடித்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் கல்லூரிகளுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரி ஓட்டம். எங்கள் மைதானத்தில் கிளம்பி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அடையாற்றுப் பாலம் தாண்டித் திரும்பி வரவேண்டும். பாதை முன்பே முடிவாகிவிட்ட ஒன்று. அது பெண் பார்க்க வந்தவர்களின் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. காலை வேளை, மனிதர் குளியல் பூஜை என்று உள்ளே இருப்பார், சைக்கிளில் ஒரே மிதியாகத் தாண்டிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்கள் நம்பிக்கையெல்லாம் ஒரே பையன்மேல்தான். இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்தான். ராயப்பேட்டையில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேச்சு. அவன் தகப்பனார் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். துருத்தியைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் குரல் கொடுத்துப் போவார். பையன் பூட்ஸ் போட்டு ஓடமாட்டான். போட்டால் கால் செத்துப்போகிறது என்பான். அன்றும் பனியனும் நிஜாரும் வெறுங்காலுமாகக் கிளம்பி, மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டுவதற்குள் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் கடைசியில் வருகிறவர்களைத் தேற்றிவிட்டு மந்தைவெளிக்குச் சைக்கிளை மிதித்து வந்தபோது தெரு நடுவில் கூட்டம். உள்ளே புகுந்து பார்த்தேன். என் பையனை ஒரு பால்காரர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்திருந்தார். இன்னொருவர் துண்டால் அவன் கைகளைக் கட்டியிருந்தார். உதட்டில் ரத்தம். நடந்தது இதுதான்: ஒருத்தன் தனியாகத் தலைதெறிக்க ஓடிவருகிறான், அவனுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு கும்பல் ஓடிவருகிறது. அந்தத் தெருக்காரர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

என் காக்கியையும் விசிலையும் பார்த்துக் கூட்டம் வழிவிட்டது.

"ஏட்டய்யா வந்துட்டாருபா! புடிச்சி வச்சிக்கீறோம், இட்டுக்கினு போங்க. தலப்பா எங்க வுழுந்துச்சு?"

"நான் போலீஸ் இல்லப்பா. காலேஜ் வாத்தியார். இது ஓட்டப் பந்தயம், இவன் என் மாணவன்."

பால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா கத வுடுற? வாத்தியாரு டவுசர் போட்டுக்கினு தெருவுல வருவாரா? ரெண்டு பேரும் கூட்டாளிங்களா?"

சிரிப்பு எழுந்தது. எங்கள் கல்லூரிப் பையன்களும் மற்றவர்களும் எங்களைத் தாண்டி ஓடத் தொடங்கியிருந்தார்கள். போலீஸ்தான் என்று தலையை ஆட்டியிருந்தால் அடுத்த நிமிஷம் பையனை என்னிடம் ஒப்படைத்திருப்பார்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. பையன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான் போலிருக்கிறது.

"சார், போலீஸ்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். எங்க வாப்பா இந்தத் தெருவுக்குத்தான் வர்றாரு. திருடனோட அப்பான்னு சொன்னா யார் சார் பாத்திரம் தருவாங்க?"

நாலு வீடு தள்ளி அந்த வீடு. அந்தத் தெருவில் என்னைத் தெரிந்த ஒரே மனிதர் அங்கேதான் இருந்தார். நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். என் கால்கள் அவ்வளவு நிர்வாணமாக எனக்கு எப்போதும் தோன்றியதில்லை.

ஈர வேஷ்டியும் நெற்றியில் திருநீறுமாக அவரே கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"நீங்களா?"

"என் பையனைத் திருடன்னு பிடிச்சு வச்சிருக்கா. நான் யாருன்னு நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும். நான் அவனுக்கு ஓட்டம் கத்துக்கொடுக்கற வாத்தியார்."

அவர் மேல்துண்டுகூடப் போடாமல் அப்படியே தெருவில் இறங்கி வந்தார். "இவர் காலேஜ் வாத்தியார்தான், எனக்குத் தெரிஞ்சவர். அந்தப் பிள்ளை ஓட்டப் பந்தயத்துல ஓடறான். விடுங்கோ" என்றார். கூட்டம் கலைந்தது. குளித்து மடியாக வந்தவர், தம் கையாலேயே துண்டின் முடிச்சை அவிழ்த்தார். "அடிச்சுட்டாளா? தீர்த்தம் குடிக்கறயா?" என்று பையனைக் கேட்டார்.

"வேணாங்க. ஓடணும்" என்று சொல்லிவிட்டு அவன் பாலத்தைப் பார்க்க ஓடினான். முதலாவதாக வரமுடியவில்லை, மூன்றாவதாக வந்தான். என் வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய ஓட்டம் அதுதான்.

அன்று மாலை பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை எல்லாம் அணிந்துகொண்டு மந்தைவெளிக்குப் போனேன். நன்றி சொல்ல என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் காலையில் போன மானத்தை மாலையில் மீட்டுவரலாம் என்ற நப்பாசை. அவர் உட்காரச்சொல்லி, காப்பி கொடுத்து, அடிபட்ட பையனுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு தம்ளரைக் கீழே வைத்தார்.

"சரித்திரம்னேளே."

நானும் என் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்கு உங்க உத்தியோகத்துல ஒரு குறையும் தெரியலை. காலம்பற ஒரு மனுஷன் வந்து கதவைத் தட்டினாரே, அவரை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அவர் ஆத்துல சம்பந்தம் பண்ணிக்கலாம்னு நினைச்சேன். ஆனா அன்னிக்கு உங்காத்துல பேசினவர் வேற. எடுத்த எடுப்புலயே ஒண்ணை மறைச்சவா, குழந்தையைப் பத்திச் சொன்னதுல எதை நம்பறதுன்னு எங்காத்துல கேக்கறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நீங்க தப்பா எடுத்துக்கப்படாது."

கோபித்துக்கொண்டு எழுந்து வர எனக்கு வசதியாக அவர் ஒரு வார்த்தையும் விடவில்லை. யாருடைய ஏளனத்துக்குப் பயந்து பொய் சொன்னேனோ, அந்த மனிதரிடம் ஏளனமே இல்லை.  கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அது எனக்குப் பாரமாக இருந்தது.

வீட்டில் என் மனைவி முகத்தைப் பார்த்ததுமே உள்ளே போய்விட்டாள். பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதுவும் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அவா என்னப்பா சொன்னா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா, உன் தகப்பன் தன் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டான், அதனால் வந்த வினை என்று. அவளுக்கு அது தெரியவேண்டிய நியாயம் உண்டு.

"ஜாதகம் பொருந்தலையாம்" என்றேன்.

 அவள் கோபமே இல்லாமல், ஏதோ எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: "ஜாதகம் பொருந்தினப்புறம்தானேப்பா பொண்ணு பாக்கவே வந்தா?"

நான் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவள் அது காலியாகும்வரை நின்று, வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.