பால்கனிப் படிக்கட்டுச் சுவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தியேட்டரில் அப்பா இருந்தார், மாமா இருந்தார், நான் இருந்தேன். அம்மா இல்லை. அவளுக்குத் தம்பானூரில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. ஞாயிறுதான் அங்கே கூட்டம் அதிகம். தான் மட்டும் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம்.

அப்பா பெயிண்டிங் மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளத்துக்கு வந்து கரமனையில் வாடகைக்கு இருக்கிறோம். மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவுக்குக் கையாள். மாமாவின் வேலையில் அப்பாவுக்கு நம்பிக்கை கிடையாது. ஸ்ரீவராகத்தில் மாமா பட்டி இழுத்து மட்டமாக்கிய ஒரு சுவர் முதல் மழைக்கே ஊறிப்போய், வீட்டுக்காரர் ஆள்விட்டுக் கூப்பிட்டார். அதன்பிறகு மாமாவுக்கு வாளி தூக்குவதும் ஏணி பிடிப்பதும்தான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், கிழக்கேகோட்டைப் பக்கமிருந்த ஒரு பழைய தியேட்டரில் சினிமாப் படப்பிடிப்பு வந்தது. கதை அப்பா பிறப்பதற்கு முன்னால் நடக்கிறதாம். நீலமாக இருந்த உட்சுவர்களை அந்தக் காலத்து இளமஞ்சளுக்கு மாற்ற வேண்டும். நீலத்தை அடித்ததே அப்பாதான் என்பதால் தியேட்டர்காரர் அவரையே கூப்பிட்டார். அவசர வேலை. பால்கனிக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரை மாமாவிடம் தனியாக விடவேண்டி வந்தது.

"இது ஒழுங்கா வந்துட்டுன்னா அடுத்த வேலையிலேருந்து ஒனக்குக் கூலி கெடையாதுலே, பங்கு," என்று அப்பா அம்மாவுக்கு முன்னால் வைத்துச் சொன்னார்.

மாமா அந்தச் சுவரைக் கொஞ்சாத குறைதான். கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. கையாள் என்றால் பெண்வீட்டார் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி என்றால் உட்காரச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. சனிக்கிழமை படப்பிடிப்பு ஆரம்பம். ஞாயிறு காலையில் ஏணியையும் வாளிகளையும் எடுத்துவரப் போனவர்களோடு, ஷூட்டிங் பார்க்கும் ஆசையில் நானும் ஒட்டிக்கொண்டேன். முந்தின இரவு நல்ல மழை.

படியேறிய அப்பா நடுவழியில் நின்றுவிட்டார். மாமாவின் சுவரில் மேலிருந்து கீழாகப் பழுப்புக் கறை ஒன்று இறங்கியிருந்தது. ஓரமெல்லாம் பாசி பிடித்த மாதிரிக் கறுப்பு.

"ஏலே, இதுதான் நீ பட்டி இழுத்த லட்சணமா?"

"நல்லாத்தான் இழுத்தேன் அத்தான். தொட்டுப் பாருங்க, ஈரமே இல்ல."

"ஒரு மழை தாங்கல. இதுல தொரைக்குப் பங்கு வேற."

பங்கு என்ற பேச்சை எடுத்ததே அப்பாதான். அது எனக்குக்கூடத் தெரியும். மாமா சுவரில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். அப்பா தொட்டுப் பார்க்கவில்லை. எட்டு மணிக்குச் சினிமாக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஊர் ஊராகப் பார்க்கப்போகிற சுவர். மிச்சமிருந்த பெயிண்டைக் கலக்கி, மாமாவை ஏணி பிடிக்கச் சொல்லி, அவரே ஏறி அடித்தார். சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

கலைப்பிரிவில் வேலை செய்த மலையாளத்து அக்கா ஒருத்தி முதல் ஆளாக வந்தாள். படியில் கால் வைத்தவள் தலையில் கைவைத்தாள்.

"அய்யோ அண்ணாச்சி! இவிடெ உண்டாயிருந்ந கறை எவிடே?"

பிறகுதான் விஷயம் தெரிந்தது. சுவர் பழசாகத் தெரியவேண்டும் என்று, வெள்ளிக்கிழமை நாங்கள் போனபின் பால் விடாத கட்டஞ்சாயாவும் கரித்தூளும் கலந்து பஞ்சால் ஒற்றி அவர்களே உண்டாக்கிய கறை அது. கதாநாயகி சனிக்கிழமை அந்தக் கறைப் பக்கம் நின்று அழுதுவிட்டுப் பாதிப் படி இறங்கியிருந்தாள். மீதிப் படியை இன்றைக்கு இறங்கவேண்டும். கறை போட்ட ஆளோ அடுத்த லொகேஷனைப் பார்க்கக் கல்லாறு போயிருந்தார்.

தானே திரும்பப் போட்டுத் தருவதாக அப்பா சொன்னார். அக்கா போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அப்பாவும் என்னென்னவோ செய்து பார்த்தார். கறையை மறைத்தே பழகிய கை. ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

"இது கறையல்ல அண்ணாச்சி, ஜன்னலாணு," என்றார் ஒரு லைட்காரர்.

மாமா பஞ்சை வாங்கிக்கொண்டார். படத்தை ஒருதடவை பார்த்தார். சாயாவில் தோய்த்து மேலே ஒரு அழுத்து அழுத்தி, வழிந்ததை வழியவிட்டு, விரலால் அங்கங்கே மறித்தார். காய்ந்ததும் கரி. கதாநாயகி சாப்பிட்டு முடிப்பதற்குள் சுவர் மறுபடி ஊறிவிட்டது.

"சேட்டன் இதொக்கெ எவிடெயா படிச்சது?" என்று அக்கா கேட்டாள்.

"இந்தா, இவருகிட்டதான். எதெல்லாம் செய்யக்கூடாதுன்னு வருசக்கணக்கா சொல்லிக் குடுத்திருக்காருல்லா."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். மாமா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா குனிந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாகிவிட்ட பிரஷ்தான்.

அன்று முழுக்க மாமா அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஷூட்டிங் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் யூனிட் வண்டியில் கல்லாறுக்குக் கிளம்பிவிட்டார். ரெண்டு நாளில் வந்துவிடுவேன் என்று என்னிடம்தான் சொன்னார். கல்லாறிலிருந்து கொச்சி, அங்கிருந்து வேறெங்கோ. புதுச் சுவர்களைப் பழசாக்குவதுதான் இப்போது அவர் தொழில். விசேஷங்களுக்கு வருவார், அப்பா இருக்கும் அறையில் அதிக நேரம் உட்காரமாட்டார். அப்பாவுக்கு இன்னமும் வெளியாட்கள்தான் ஏணி பிடிக்கிறார்கள்.

எனக்கு ஒரு சினிமாக்கார மாமா கிடைத்துவிட்டார் என்று மறுநாளே பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். சினிமா ஆசைதான் அவரை இழுத்துக்கொண்டு போனது என்று காலேஜுக்குப் போகும்வரை நம்பினேன். அந்தச் சுவரில் ஈரம் இருக்கவில்லை. அதை ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்வதற்கு மாமா அன்றைக்கு அந்தப் படியில் எவ்வளவு நேரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அம்மாவுக்கு ஏறியிருக்க வேண்டும். அன்று வேலை முடிந்து வந்தவள், நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பாவிடம், "அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீயளா?" என்றாள்.

"என்ன வார்த்த?"

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "சரி, எவ்வளவு போச்சு?" என்று கேட்டாள்.

தாமதத்துக்குத் தியேட்டர்காரர் பிடித்துக்கொண்ட கூலி, வீணான பெயிண்ட், பஸ் காசு. அப்பா விரல்விட்டுக் கூட்டினார்.

"எல்லாம் சேத்து ஆயிரத்து எண்ணூறு."